கவலைக்கு வேற இடம் கொடுங்க: ராத்திரிப் பதற்றமும் தூக்கப் பயிற்சிகளும்

(ஒலிப்பதிவிலிருந்து, வாசிக்க வசதியாகச் சுருக்கித் தொகுத்த எழுத்து வடிவம்)

போன எபிசோட்ல தூக்கமின்மைக்கான பயிற்சிகளைப் பத்திப் பேசியிருந்தோம். அதுக்கு வந்த மெயில்கள்ல ஒரே கேள்வி, வேற வேற வார்த்தையில திரும்பத் திரும்ப வந்தது. "தூக்கம் வராததுகூட பரவாயில்லைங்க. லைட்டை அணைச்சதும் மனசு கிடந்து அடிச்சுக்குது. அதுக்கு என்ன பண்றது?" ஒருத்தர் இன்னும் தெளிவா எழுதியிருந்தார்: "பகல் முழுக்க நல்லாத்தான் இருக்கேன். ராத்திரி பத்து மணி ஆனா படுக்கப் போகவே பயமா இருக்கு."

இன்னைக்கு எபிசோட் அந்தக் கேள்விக்கானது. தூக்கமின்மைக்குன்னு உருவாக்கின பயிற்சிகள் ராத்திரிப் பதற்றத்துக்கும் உதவும். ஆனா அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணா சிலது எதிர் வேலை செய்யும். எதை அப்படியே எடுத்துக்கலாம், எதை மாத்தி எடுத்துக்கணும், எதை டாக்டரைக் கேட்காம தொடக் கூடாதுன்னு பிரிச்சுப் பார்ப்போம்.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. சாஃப்ட்வேர் இன்ஜினியர். நாலு வாரத்துக்கு ஒரு வாரம் ஆன்-கால் பார்க்கிறவன். அந்த வாரம் ராத்திரி எத்தனை மணிக்கு சர்வர் விழுந்தாலும் என் போன்தான் அடிக்கும். போன் அடிக்காத ராத்திரியிலகூட அடிக்கிற மாதிரியே கேட்கும். அதனால இது எனக்குப் புத்தகத்துல படிச்ச விஷயம் மட்டும் இல்ல. இன்னைக்குச் சொல்லப்போறதை எல்லாம் நான் ஆறு மாசமா பண்ணிட்டு வர்றேன்.

ராத்திரியில மட்டும் ஏன் இவ்வளவு பெருசாத் தெரியுது?

பகல்ல கவலைக்குப் போட்டி அதிகம். மீட்டிங் இருக்கும், டிராஃபிக் இருக்கும், சாப்பாடு, வாட்ஸ்அப்னு ஏதாவது ஒண்ணு இருந்துக்கிட்டே இருக்கும். ராத்திரி லைட்டை அணைச்சதும் போட்டியாளர்கள் எல்லாம் வீட்டுக்குப் போயிடறாங்க. மேடையில கவலை மட்டும் நிக்குது.

இரண்டாவது, பகல்ல ஒரு கவலை வந்தா ஏதாவது செய்யலாம். பேங்க்குக்கு போன் பண்ணலாம், மேனேஜரைக் கேட்கலாம், டாக்டர்கிட்ட போகலாம். நடுச்சாமத்துல எதையும் செய்ய முடியாது. செய்ய வழி இல்லாத கவலை சுத்திச் சுத்தி அதே இடத்துக்கு வரும். எங்க பாஷையில சொன்னா, சர்வர் பதில் சொல்லாதப்போ கோடு நிக்காம ரீட்ரை பண்ணிக்கிட்டே இருக்கிற மாதிரி.

மூணாவது, தூக்கத்தோட அமைப்பே அப்படி. நம்ம தூக்கம் ஒரே நீளமான துண்டு இல்ல. ஏறக்குறைய 90 நிமிஷச் சுற்றுகளா போகும். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் ராத்திரியோட முதல் பாதியில முடிஞ்சிடும். பின்பாதியில தூக்கம் லேசாகும், நடுநடுவுல முழிப்பு வரும். ரெண்டு மணிக்கு, மூணு மணிக்கு முழிப்பு வர்றது மட்டுமே ஒரு நோய் கிடையாது. எல்லாருக்கும் வருது. பதற்றம் இல்லாதவங்க புரண்டு படுத்துத் தூங்கிடறாங்க, காலையில ஞாபகம்கூட இருக்காது. பதற்றம் இருக்கிறவங்க போனை எடுத்து மணி பார்க்கிறாங்க. அங்க ஆரம்பிக்குது கதை.

படுக்கை எப்படி எதிரியாச்சு?

மாங்காய், உப்பு, மிளகாய்ப்பொடின்னு நான் சொன்னாலே உங்களுக்கு வாயில எச்சில் ஊறும். மாங்காய் இன்னும் கண்ணுக்கே வரல. உடம்பு பழகிடுச்சு, அவ்வளவுதான். அதே மாதிரி முப்பது ராத்திரி படுக்கையில படுத்துக்கிட்டு கவலைப்பட்டா, முப்பத்தோராவது ராத்திரி படுக்கையைப் பார்த்தாலே உடம்பு உஷாராகிடும். சோபாவுல டிவி பார்த்துக்கிட்டே தூங்கி விழுவோம். எழுந்து போய் கட்டில்ல படுத்ததும் முழிப்பு பளிச்னு வரும். இந்த அனுபவம் இருக்குன்னா உங்க படுக்கை அப்படிப் பழகிடுச்சுன்னு அர்த்தம்.

அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987-ல இதுக்கு ஒரு மாடல் கொடுத்தார். தூக்கமின்மைக்கு மூணு அடுக்கு இருக்குங்கிறார். முதல் அடுக்கு, நம்ம இயல்பு: சிலர் பிறவியிலேயே சீக்கிரம் பதறுறவங்க. இரண்டாவது, தூண்டிவிட்ட சம்பவம்: வேலை போனது, அப்பாவுக்கு ஆபரேஷன், கல்யாணப் பேச்சு முறிஞ்சது. மூணாவது, அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் நாம ஆரம்பிச்ச பழக்கங்கள்: சீக்கிரமே போய்ப் படுக்கிறது, மணி பார்க்கிறது, பகல்ல தூங்கி ஈடுகட்டுறது. சம்பவம் முடிஞ்சாலும் மூணாவது அடுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். பக் சரி பண்ணி ஆறு மாசம் ஆச்சு, அலர்ட்டை யாரும் அணைக்கல, அது தினமும் ராத்திரி அடிச்சுக்கிட்டே இருக்கு. நிலைமை அதுதான்.

இதுல ஒரு நல்ல செய்தி இருக்கு. இயல்பை மாத்துறது கஷ்டம். நடந்த சம்பவத்தை மாத்தவே முடியாது. பழக்கத்தை மாத்தலாம். அந்த மூணாவது அடுக்கைச் சரி பண்றதுதான் சிபிடி-ஐ என்கிற சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மை இருக்கிற பெரியவங்களுக்கு மாத்திரைக்கு முன்னாடி இதைத்தான் முதல்ல கொடுக்கணும்னு அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2016-ல பரிந்துரை பண்ணியிருக்கு.

இதை ராத்திரிப் பதற்றத்துக்குக் கொண்டுவரும்போது இலக்கை மாத்தணும். "இன்னைக்குப் பதற்றமே வரக் கூடாது" அப்படிங்கிறது இலக்கு இல்ல. "கவலைப்படலாம், ஆனா படுக்கையில வேண்டாம்." இதுதான் இலக்கு. மீதி எல்லாமே இந்த ஒரு வரியோட விரிவாக்கம்.

அப்படியே எடுத்துக்கக்கூடியது: படுக்கை விதி

ரிச்சர்ட் பூட்சின் என்கிற உளவியலாளர் 1972-ல சொன்ன முறை இது. விதிகள் ரொம்ப எளிமை. தூக்கம் கண்ணைச் சொக்கினா மட்டும் படுங்க. படுக்கையைத் தூக்கத்துக்கும் தாம்பத்தியத்துக்கும் மட்டும் வைங்க. தூக்கம் வரலன்னா எழுந்து வெளிய போங்க. திரும்பச் சொக்கினா வாங்க. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில ஒரே நேரத்துக்கு எழுந்திருங்க. பகல் தூக்கம் வேண்டாம்.

இங்க ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கணும். அசதி வேற, தூக்கம் வேற. உடம்பு அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கும், கண்ணு மட்டும் கொட்டக் கொட்ட முழிச்சிருக்கும். அது அசதி. படிச்ச வரியையே மறுபடி படிக்கிறோம், தலை தொங்குது, இமை கனக்குது. அதுதான் தூக்கம். அசதியோட போய்ப் படுத்தா கவலைக்கு ஒரு மணி நேரம் இலவச டிக்கெட் கொடுத்த மாதிரி.

பதற்றத்துக்காக இதுல ஒரே ஒரு மாற்றம் பண்ணணும். பல கையேடுகள்ல "20 நிமிஷத்துல தூக்கம் வரலன்னா எழுந்திருங்க"ன்னு இருக்கும். பதற்றக்காரங்க அந்த 20 நிமிஷத்தை எண்ண ஆரம்பிச்சிடுவாங்க. பதினெட்டாச்சு, பத்தொன்பதாச்சுன்னு. அதனால கடிகாரத்தை விட்டுடுங்க. அளவுகோல் நேரம் இல்ல, எரிச்சல். "இன்னும் தூங்கலையே"ங்கிற எண்ணம் இரண்டாவது தடவை வந்ததும் எழுந்திருங்க. சுவர்க் கடிகாரம் கண்ணுல படுற மாதிரி இருந்தா திருப்பி வைங்க.

எழுந்து என்ன பண்றது? சலிப்பான, கைக்கு வேலை கொடுக்கிற, பாதியில விடக்கூடிய ஏதாவது ஒண்ணு. துணி மடிக்கலாம். பூண்டு உரிக்கலாம். நான் பூண்டு கட்சி. மங்கலான வெளிச்சத்துல உட்கார்ந்து பதினைஞ்சு பல் உரிக்கிறதுக்குள்ள தலை தானா தொங்கும், காலையில வீட்டுல நல்ல பேரும் கிடைக்கும். போன் மட்டும் வேண்டாம். வெளிச்சம் ஒரு காரணம். அதைவிட, ஆபீஸ் மெயில், பேங்க் மெசேஜ், சொந்தக்காரங்க குரூப்புன்னு உங்க கவலை அத்தனையும் அந்த ஒரு கருவிக்குள்ளதான் குடியிருக்கு.

"எழுந்து போக வேற ரூம் இல்லையே?"

நியாயமான கேள்வி. இந்த முறைகள் எல்லாம் ஆளுக்கொரு பெட்ரூம், தனியா ஒரு ஹால்னு இருக்கிற வீட்டை மனசுல வெச்சு எழுதினது. ஓ.எம்.ஆர் பக்கம் பி.ஜி-ல மூணு பேர் ஒரே ரூம்ல இருப்பாங்க. கட்டில்தான் ஆபீஸ், கட்டில்தான் டைனிங் டேபிள், கட்டில்தான் தியேட்டர்.

அதுக்கு நான் பண்ணின அடாப்டேஷன் தலைமாடு, கால்மாடு. கட்டிலோட தலைமாடு தூக்கத்துக்கு மட்டும். லேப்டாப்பைத் திறக்கணும், சாப்பிடணும், எதையாவது யோசிக்கணும்னா கால்மாட்டுப் பக்கம் திரும்பி, சுவர்ல சாய்ஞ்சு, மேல ஒரு பழைய போர்வையைப் போட்டு உட்காரணும். படுக்கப் போகும்போது அந்தப் போர்வையை மடிச்சு எடுத்துடணும். ராத்திரி முழிச்சுப் பதறினாலும் அதே மாதிரி கால்மாட்டுக்கு வந்து உட்காரலாம். இது ஆராய்ச்சியில நிரூபிச்சது இல்ல, நான் செஞ்சு பார்த்தது. ஆனா அடிப்படை அதேதான்: மூளைக்கு ரெண்டு இடமும் வேற வேறன்னு தெரியணும்.

இந்த விஷயத்துல பாய் போட்டுப் படுக்கிறவங்க கொடுத்து வெச்சவங்க. காலையில பாயைச் சுருட்டி மூலையில நிறுத்தினதும் படுக்கைங்கிற இடமே வீட்டுல கிடையாது. அதுல உட்கார்ந்து யாரும் எக்செல் ஷீட் பார்க்க மாட்டாங்க. விரிச்சா தூக்கம், சுருட்டினா நாள் ஆரம்பம். தூக்கம் வரலன்னாலும் எழுந்து பாயைச் சுருட்டி வெச்சிட்டு, சொக்கும்போது மறுபடி விரிக்கலாம்.

கவலைக்கு அப்பாயின்ட்மென்ட்

"படுக்கையில கவலைப்படாதே"ன்னு சொன்னா மட்டும் போதாது. வேற எங்க படுறதுன்னும் சொல்லணும். டேனியல் வெக்னர் 1987-ல ஒரு பிரபலமான சோதனை பண்ணினார். வெள்ளைக் கரடியை நினைக்காதீங்கன்னு ஆட்களைக் கேட்டுக்கிட்டார். நினைக்கக் கூடாதுன்னு முயற்சி பண்ணின அப்பவும் கரடி வந்து வந்து போச்சு. தடையை எடுத்ததும் இன்னும் அதிகமா வந்தது. கவலையும் ஒரு வெள்ளைக் கரடிதான். துரத்த முடியாது, வேற நேரத்துக்கு வரச் சொல்லலாம்.

தாமஸ் போர்கோவெக்கும் அவரோட குழுவும் 1983-ல இதை ஒரு பயிற்சியாவே சோதிச்சுப் பார்த்தாங்க. தினமும் ஒரே இடம், ஒரே நேரம், அரை மணி நேரம் கவலைப்பட மட்டும். மத்த நேரத்துல கவலை வந்தா "உன் நேரம் இது இல்ல"ன்னு தள்ளிவைக்கணும்.

நான் இதை இப்படி வெச்சிருக்கேன். சாயங்காலம் ஏழு மணி, டைனிங் டேபிள், ஒரு நோட்டு, 15 நிமிஷம். படுக்கிற நேரத்துக்கு ரொம்பப் பக்கத்துல வைக்காதீங்க. நடுவுல ரெண்டு மணி நேரமாவது இருக்கட்டும். பக்கத்தை ரெண்டா பிரிங்க. இடது பக்கம் கவலை, வலது பக்கம் அடுத்த அடி. "வேலை போயிடுமோ" அப்படிங்கிறது இடது பக்கம். "சனிக்கிழமை ரெஸ்யூமேவை அப்டேட் பண்றேன், மூணு மாச இ.எம்.ஐ கையில இருக்கான்னு கணக்குப் பார்க்கிறேன்" அப்படிங்கிறது வலது பக்கம். சில கவலைகளுக்கு வலது பக்கம் எழுத ஒண்ணுமே இருக்காது. "அம்மாவுக்கு வயசாகுது." அதுக்கு என்ன அடுத்த அடி? அங்க "இது என் கையில இல்ல, ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட பேசுறேன்"னு மட்டும் எழுதுங்க. காலியா விடாதீங்க. காலியா விட்டது ராத்திரி மூணு மணிக்குத் திரும்பி வரும்.

எழுதுறது உண்மையிலேயே வேலை செய்யுதா? பெய்லர் பல்கலைக்கழகத்துல மைக்கேல் ஸ்கலின் குழு 2018-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 57 இளைஞர்கள், ஆய்வுக்கூடத்துல ஒரு ராத்திரி. பாதிப் பேர் படுக்கிறதுக்கு முன்னாடி 5 நிமிஷம், இனிமேல் செய்ய வேண்டிய வேலைகளை எழுதினாங்க. மீதிப் பேர் ஏற்கனவே முடிச்ச வேலைகளை எழுதினாங்க. செய்ய வேண்டியதை எழுதினவங்க சராசரியா ஏறக்குறைய 9 நிமிஷம் சீக்கிரம் தூங்கினாங்க. பட்டியல் எவ்வளவு விவரமா இருந்ததோ அவ்வளவு சீக்கிரம். சின்ன ஆய்வுதான், ஆரோக்கியமான இளைஞர்கள்கிட்ட பண்ணினதுதான். ஆனா செலவு ஒரு பேப்பர், ஒரு பேனா.

மாத்தி எடுத்துக்க வேண்டியது: படுக்கை நேரத்தைக் குறைக்கிறது

ஸ்பீல்மன் கொடுத்த இன்னொரு பயிற்சி, படுக்கையில இருக்கிற நேரத்தையே குறைக்கிறது. கேட்க விபரீதமா இருக்கும். தூக்கமே வராதவனை இன்னும் கம்மியாப் படுக்கச் சொல்றாங்களேன்னு தோணும். கணக்கைப் பாருங்க. ஒருத்தர் 10 மணிக்குப் படுத்து 6:30-க்கு எழுந்திருக்கார். படுக்கையில எட்டரை மணி நேரம். உண்மையில தூங்குறது ஐந்தரை மணி நேரம். ஏறக்குறைய 65 சதவீதம்தான் தூக்கம். மீதி மூணு மணி நேரம் யாருக்கு? கவலைக்கு. தினமும் மூணு மணி நேரம் கவலைக்கு மெத்தை, தலையணை, ஃபேன் எல்லாம் போட்டுக் கொடுத்திருக்கோம்.

அசல் முறையில, தூங்குற நேரத்துக்குப் பக்கத்துல கொண்டுவந்து, ஆறு மணி நேரம்தான் படுக்கைன்னு ஒரேயடியா வெட்டிடுவாங்க. 12:30-க்குப் படுக்கணும், 6:30-க்கு எழுந்திருக்கணும். தூக்கம் 85 சதவீதத்தைத் தாண்டினா வாரத்துக்கு 15 நிமிஷம் கூட்டுவாங்க. தூக்கமின்மைக்கு இது வலுவான பயிற்சி. ஆனா முதல் ஒண்ணு ரெண்டு வாரம் பகல்ல தூக்கக் கலக்கம் அதிகமா இருக்கும். ஏற்கனவே பதற்றத்துல இருக்கிறவங்களுக்கு அந்தக் கலக்கமே ஒரு புதுக் கவலையாகலாம்.

அதனால இங்க மென்மையான வடிவத்தை எடுத்துக்கணும். எழுந்திருக்கிற நேரத்தை மாத்தாம, படுக்கப் போற நேரத்தை மட்டும் வாரத்துக்கு 15, 20 நிமிஷம் தள்ளுங்க. 10, 10:15, 10:30. படுத்ததும் கண்ணு தானா மூடுற இடம் வந்ததும் நிறுத்திடுங்க. டிரைவர் வேலை, மெஷின் வேலை பார்க்கிறவங்க, வலிப்பு இருக்கிறவங்க, பைபோலார் பிரச்சினை இருக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க இதை டாக்டரைக் கேட்காம பண்ணவே கூடாது. தூக்கம் குறைஞ்சா அவங்களுக்கு உண்மையான ஆபத்து இருக்கு.

உடம்புக்குத் தீயணைப்புப் பயிற்சி

சிகாகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920-கள்லேயே தசைத் தளர்வுப் பயிற்சியை உருவாக்கினார். இன்னைக்குப் பரவலா சொல்லித் தர்ற வடிவம் இதுதான்: கால் விரல்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு தசையையும் அஞ்சு விநாடி இறுக்கி, அப்புறம் பதினைஞ்சு, இருபது விநாடி தளர்த்தணும். கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், தாடைன்னு மேல வரணும். இதோட மூச்சு: உள்ள இழுக்கிறதைவிட வெளிய விடுறது நீளமா இருக்கணும். நாலு எண்ணி இழுத்தா ஆறு எண்ணி விடுங்க.

இதை எப்பப் பண்றதுங்கிறதுதான் முக்கியம். பெரும்பாலானவங்க ராத்திரி நெஞ்சு படபடக்கும்போதுதான் முதல் தடவை முயற்சி பண்றாங்க. வேலை செய்யலன்னதும் "இதுவும் எனக்கு ஒத்து வரல"ன்னு இன்னும் பயப்படறாங்க. ஆபீஸ்ல தீயணைப்புப் பயிற்சியைத் தீப்பிடிச்ச அன்னைக்கா வைக்கிறாங்க? பகல்ல, மனசு சும்மா இருக்கும்போது, ரெண்டு வாரம் பழகுங்க. அப்புறம் ராத்திரிக்குக் கொண்டுபோங்க. அப்பவும் தூங்குறதுக்காகப் பண்ணாதீங்க. உடம்பு தளரணும், அவ்வளவுதான் வேலை. தூக்கம் வந்தா அது போனஸ்.

தவளையும் தண்டவாளமும்

உடம்பு தளர்ந்தும் மனசு ஓடுதுன்னா இன்னொரு விளையாட்டு இருக்கு. கனடாவுல சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூக் போடுவான் உருவாக்கினது. ஒரு வார்த்தையை எடுத்து, அதோட ஒவ்வொரு எழுத்துலயும் ஆரம்பிக்கிற பொருட்களை ஒண்ணொண்ணா கற்பனை பண்ணணும். தூங்கிப் போகும்போது மனசுல தொடர்பில்லாத படங்கள் வந்து போகும் இல்லையா, அதை நாமே போலியா உண்டாக்குறோம். கவலைக்கு ஒரு தொடர்கதை வேணும். தொடர்பில்லாத படங்கள் அந்தக் கதையை ஓடவிடாது.

தமிழ்ல பண்ணிப் பாருங்க. "தவளை". முதல்ல த: தட்டு, தக்காளி, தண்டவாளம், தராசு. ஒவ்வொண்ணையும் ரெண்டு மூணு விநாடி கண்ணுக்குள்ள பாருங்க. சில்வர் தட்டு, ஓரத்துல நெளிஞ்சது. வெயில்ல பளபளக்கிற தண்டவாளம். அடுத்து வ: வளையல், வடை, வயல், வண்டி. மூணாவது ளை. தமிழ்ல அதுல எந்த வார்த்தையும் ஆரம்பிக்காது, அதனால அடுத்த வார்த்தைக்குப் போயிடலாம். ஒரு எச்சரிக்கை: க எழுத்துல "கடன்" வந்தா நிக்காம தாண்டிப் போயிடுங்க. கத்திரிக்காய் இருக்கு, கப்பல் இருக்கு.

பயத்துக்கு நிஜக் காரணம் இருந்தா?

எல்லா ராத்திரிப் பயமும் கற்பனை இல்ல. என் ஆன்-கால் வாரத்துல போன் நிஜமாவே அடிக்கும். வீட்டுல உடம்பு சரியில்லாத பெரியவங்க இருந்தா ராத்திரி நிஜமாவே கூப்பிடுவாங்க. கைக்குழந்தை நிஜமாவே அழும். இவங்ககிட்ட போய் "ஒண்ணும் ஆகாது, தூங்கு"ன்னு சொல்றதுல பிரயோஜனம் இல்ல.

கம்ப்யூட்டர்ல ரெண்டு முறை உண்டு. ஒண்ணு போலிங்: ஏதாவது வந்திருக்கா, வந்திருக்கான்னு சிஸ்டம் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும். இன்னொண்ணு இன்டரப்ட்: சிஸ்டம் தன் வேலையைப் பார்க்கும், ஏதாவது வந்தா சிக்னல் வந்து தட்டும். பதற்றத்துல இருக்கிற மனசு போலிங் பண்ணுது. அரை மணிக்கு ஒரு தடவை போனைத் தொட்டுப் பார்க்குது. "கவலைப்படாதே"ன்னு அதுக்குச் சொல்றதைவிட, நம்புற மாதிரி ஒரு இன்டரப்ட் செஞ்சு கொடுங்க.

நான் செய்றது: ஆன்-கால் நம்பருக்கு மட்டும் முழுச் சத்தம், மத்தது எல்லாம் சைலன்ட். போன் தலையணைக்கு அடியில இல்ல, எட்டடி தள்ளி மேசை மேல. ஒன்பதரைக்கு ஒரு டெஸ்ட் கால் போட்டு, அடிக்குதான்னு ஒரே ஒரு தடவை சரிபார்ப்பேன். லேப்டாப், சார்ஜர், கண்ணாடி எல்லாம் மேசையில தயார். இதுக்கு அப்புறம் மனசு "அடிச்சிருக்குமோ?"ன்னு கேட்டா, "ஒன்பதரைக்குப் பார்த்தாச்சு"ங்கிற பதில் இருக்கு. பெரியவங்க இருக்கிற வீட்டுல அவங்க கட்டில் பக்கத்துல அழைப்பு மணி ஒண்ணு வெச்சு, படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை அழுத்திப் பார்க்கலாம். ஒரு தடவைதான். ரெண்டாவது தடவை பார்த்தா அது மறுபடி போலிங்.

சின்னச் சின்ன விஷயங்கள்

காபி: ராத்திரி 11 மணிக்குப் படுக்கிறவங்களுக்கு 5 மணிக் காபிகூட வேலையைக் காட்டும். படுக்கிறதுக்கு 6 மணி நேரம் முன்னாடி 400 மில்லிகிராம் காஃபீன் எடுத்தவங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல தூக்கம் குறைஞ்சதா 2013-ல ஒரு ஆய்வு வந்தது. அது நாம ஒரு டம்ளர்ல குடிக்கிறதைவிடப் பெரிய அளவுதான். ஆனா காஃபீன் நெஞ்சுப் படபடப்பையும் தரும். அந்தப் படபடப்பை மனசு "பயம்"னு வாசிச்சுடும். பதற்றக்காரங்க மதியச் சாப்பாட்டோட காபி, டீயை நிறுத்திப் பாருங்க. மது: சீக்கிரம் தூங்கவெச்சு, பின்ராத்திரியில எழுப்பி விட்டுடும்.

ஸ்மார்ட் வாட்ச்: எங்க ஆட்களுக்கு இது பெரிய வியாதி. ஸ்லீப் ஸ்கோர் 62-ன்னு பார்த்ததும் நல்லா இருந்த உடம்பும் சோர்ந்து போகும். ஸ்கோரைத் துரத்தியே தூக்கத்தைக் கெடுத்துக்கிறதுக்கு 2017-ல ஆராய்ச்சியாளர்கள் ஆர்த்தோசோம்னியான்னு பேரே வெச்சிருக்காங்க. இந்தப் பயிற்சிகள் நடக்கிற காலத்துல வாட்ச்சைக் கழட்டி வைங்க. காலையில நோட்டுல ரெண்டு வரி போதும்: எத்தனை மணிக்குப் படுத்தேன், படுக்கையை விட்டு எத்தனை தடவை எழுந்தேன்.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

வாரத்துல மூணு ராத்திரி, மூணு மாசத்துக்கு மேல இப்படியே போகுதுன்னா போய்ப் பாருங்க. மூச்சுத் திணறி முழிக்கிறீங்க, சத்தமா குறட்டை விடறீங்கன்னு பக்கத்துல படுக்கிறவங்க சொன்னா, அது பதற்றம் இல்லாம தூக்கத்துல மூச்சு தடைபடுற பிரச்சினையா இருக்கலாம். படபடப்பு, எடை குறையுறது, கை நடுக்கம் எல்லாம் சேர்ந்து இருந்தா தைராய்டு சோதனை பண்ணணும். நெஞ்சு வலி வந்தா "டென்ஷன்தான்"னு நீங்களே முடிவு பண்ணாம ஆஸ்பத்திரிக்குப் போங்க. தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை ஏற்கனவே எடுக்கிறவங்க இந்த எபிசோடைக் கேட்டுட்டுத் திடீர்னு நிறுத்தாதீங்க. மெதுவாக் குறைக்கணும், டாக்டர் சொல்ற மாதிரி.

ராத்திரி வர்ற யோசனை "இருந்து என்ன பிரயோஜனம்"ங்கிற பக்கம் போகுதுன்னா பூண்டும் நோட்டும் போதாது. இந்திய அரசோட டெலி-மானஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். பக்கத்து ரூம்ல இருக்கிறவங்களை எழுப்புறதும் தப்பே இல்ல.

எதுல ஆரம்பிக்கிறது?

எல்லாத்தையும் ஒரே ராத்திரியில இறக்காதீங்க. எந்த டீமும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மாற்றத்தை ஒண்ணா டிப்ளாய் பண்ணாது. முதல் வாரம் ரெண்டே ரெண்டு: காலையில ஒரே நேரத்துக்கு எழுந்திருக்கிறது, சாயங்காலம் 15 நிமிஷக் கவலை நோட்டு. இரண்டாவது வாரம் படுக்கை விதி, பகல்ல தசைத் தளர்வு. மூணாவது வாரம் தேவைப்பட்டா படுக்கிற நேரத்தைத் தள்ளுறது. தவளை விளையாட்டு எப்ப வேணும்னாலும். நடுவுல ஒரு மோசமான ராத்திரி வரும், வந்தே தீரும். அதுக்காக மறுநாள் சீக்கிரம் போய்ப் படுக்காதீங்க. அன்னைக்கும் அதே நேரம்தான்.

எனக்கு இன்னமும் ஆன்-கால் வாரம்னா வயித்துல ஏதோ செய்யும். அது போகல, போகும்னு நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவும் இல்ல. ஆனா இப்போ அது ஏழு மணிக்கு டைனிங் டேபிள்ல வந்து உட்காருது, பேசுது, போயிடுது. சில நாள் மூணு மணிக்கும் வருது. அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து பூண்டு உரிக்கிறோம். படுக்கையில மட்டும் அதுக்கு இடம் கிடையாது.

உங்க வீட்டுல, உங்க பி.ஜி-ல, உங்க ஷிஃப்ட்ல இதை எப்படி மாத்திப் பண்ணினீங்கன்னு எழுதுங்க. நைட் ஷிஃப்ட் பார்த்துட்டுப் பகல்ல தூங்குறவங்களுக்கு இதுல பல விதிகள் அப்படியே பொருந்தாது. அதைத் தனியா அடுத்த எபிசோட்ல பேசுவோம். இதை ராத்திரி பதினொண்ணுக்கு மேல படிச்சுக்கிட்டு இருந்தா, போனைக் கீழ வைங்க. மீதியைச் சாயங்காலம் ஏழு மணிக்கு யோசிச்சுக்கலாம்.